கிழக்கு பார்த்த பதினேழாம் மனை

பூங்காவனத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஜெராக்ஸ் மெஷின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு யாருடைய கிரயப் பத்திரத்தையோ படித்துக்கொண்டிருந்தார். மெஷின் பழையது. கொஞ்ச நேரம் ஓய்ந்து கிடந்தால் மறுபடி சூடாக இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அந்த நிமிடங்களில்தான் அவர் பத்திரம் எழுதக் கற்றுக்கொண்டார். பதினான்கு வருடமாக.

கடை கஜபதியுடையது. பட்டாபிராமுக்கும் ஆவடிக்கும் நடுவே, சி.டி.எச். ரோட்டை ஒட்டி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் ஏழெட்டு பத்திர எழுத்தர் கடைகள் இருக்கின்றன. வீடோ மனையோ வாங்குகிறவரும் விற்கிறவரும் முதலில் இந்த வரிசைக்குத்தான் வருவார்கள். இங்கே பத்திரத்தை எழுதி அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டோக்கன் நேரத்துக்கு ரோட்டைத் தாண்டிப் போய்ப் பதிவு செய்வார்கள். நான் அங்கே டைப் அடிக்கச் சேர்ந்தேன். பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான். போட்டித் தேர்வு இரண்டு தடவை எழுதியும் ஒன்றும் ஆகாததால், சும்மா இருக்க வேண்டாமே என்று பிடித்த வேலை இது. யாராவது கேட்டால் அப்பா, "பொண்ணு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கீது" என்பார். ஆபீசுக்கு எதிரில் என்பதை விட்டுவிடுவார். நானும் திருத்துவதில்லை.

பூங்காக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. படிப்பு பத்தாம் வகுப்பு. கல்யாணமாகிப் பட்டாபிராமுக்கு வந்தவர். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். கடையில் அக்காவின் வேலை ஜெராக்ஸ் எடுப்பது, தாள்களைத் தைப்பது, போட்டோ ஒட்டுவது, கட்டை விரலுக்கு மை தடவி விடுவது. வேலை அதுதான் என்று சொல்லிக்கொண்டாலும், கடைசி ஐந்தாறு வருடமாக அந்தக் கடையின் பாதிப் பத்திரங்களை எழுதியது அவர்தான். கஜபதி சொல்வதைச் சொல்லிவிட்டுப் போன் பேசப் போவார். மிச்சத்தை அக்கா கையால் எழுதி என்னிடம் தருவார். நான் அடிப்பேன்.

அவரிடம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு பத்திரத்தின் வரிகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு ஆளைக் குறித்திருப்பார். வாங்கினவர். வித்தவர் மகள். பக்கத்து மனைக்காரர். எனக்குப் புரியவில்லை.

"இது இன்னாக்கா?"

"இந்த வரிய எடுத்துட்டா யார் அழுவாங்கன்னு எழுதிகீறேன். யாரும் அழுவலேன்னா அது சும்மா அலங்காரம். யாராவது அழுதாங்கன்னா அத்த விடக் கூடாது."

நான் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். "என் சுயநினைவுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும். இதுக்கு யாரு அழுவாங்க?"

"வாங்கினவன். பத்து வருசம் கழிச்சு வித்தவரோட புள்ள கோர்ட்டுக்குப் போய், எங்கப்பாவுக்கு அப்ப புத்தி சரியில்லன்னு சொல்லுவான் பாரு, அன்னிக்கு."

இயற்பியலில் மூன்று வருடம் சூத்திரங்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். அதில் ஒன்றை எடுத்துவிட்டால் யார் அழுவார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், சாட்சிகளுக்குக் கீழே, 'ஆவணத்தைத் தயாரித்தவர்' என்று ஒரு வரி வரும். பக்கத்தில் பேர், உரிம எண். அக்கா எழுதிய பத்திரங்களிலும் அங்கே கஜபதியின் பேர்தான் இருக்கும். அதில் தப்பு இல்லை. உரிமம் அவருக்குத்தானே இருந்தது. அந்த ஒரு வரிக்காக அக்கா உரிமத் தேர்வு எழுதினார். இரண்டு தடவை தோற்றார். மூன்றாவது தடவை, போன பங்குனியில், பாஸ் ஆனார். உரிமம் கைக்கு வர ஆவணி ஆகிவிட்டது. வீட்டில் கணவர் "வக்கீலம்மா, சோறு கீதா இல்ல அதுக்கும் மனு போடணுமா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கஜபதி நல்ல மனிதர்தான். உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி பூங்கா. அடுத்து வர்ற கிரயம் உம் பேர்ல போவட்டும். ஆனா ஒண்ணு, ஆபீஸ்ல ரிட்டர்ன் ஆச்சுன்னா கடைக்குத்தான் அசிங்கம். பார்த்து எழுது" என்றார்.

அடுத்து வந்தது லோகநாயகியின் மனை.

லோகநாயகி கொரட்டூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அறுபதை நெருங்குகிறவர். பட்டாபிராமில் மிலிட்டரி சைடிங் என்கிற கிளை ரயில் பாதைப் பக்கம் உள்ள ஒரு நகரில், தொண்ணூற்றாறாம் வருடம் வாங்கிப் போட்ட பதினேழாம் எண் மனை. முப்பதுக்கு நாற்பது, ஆயிரத்து இருநூறு சதுர அடி. வாங்க வந்தவர் கார்த்திகேசன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். எட்டு மாதத்தில் ரிட்டயர்மென்ட், அதோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இரண்டு பேருக்கும் பேசி முடிந்திருந்தது. டோக்கன் வெள்ளிக்கிழமைக்கு.

பத்திரத்தில் சொத்து விவரம் என்று ஒரு பகுதி உண்டு. மனைக்கு வடக்கில் என்ன, தெற்கில் என்ன, கிழக்கில் என்ன, மேற்கில் என்ன, இதன் மத்தியில் இத்தனை அடி என்று நான்கு எல்லைகளைச் சொல்வது. எங்கள் வரிசையில் யாரும் இதைப் புதிதாக எழுதுவதில்லை. முந்தைய பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே இறக்குவதுதான் வழக்கம்.

"தாய்ப் பத்திரத்துல இன்னா கீதோ அத்தையே அடி" என்றார் கஜபதி என்னிடம்.

அக்கா அன்று மாலை என்னிடம் மெதுவாகக் கேட்டார். "காலைல ஆறு மணிக்கு வர்றியா? டேப்போட ஒரு முனைய நீ புடிச்சா போதும். என் பேர் போடற இடம். ஒரு தடவ கண்ணால பார்த்துடறேன்."

சைடிங் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். போனேன். புரட்டாசி முதல் வாரம். தெரு முழுக்க வீடுகள். பதினேழாம் மனையில் மட்டும் சீமைக்கருவேலம். டேப்பை இழுத்துப் பார்த்தோம். ரோட்டுப் பக்கம் முப்பது அடி, உள்ளே நாற்பது அடி. ஒரு அங்குலம் பிசகவில்லை. அக்கா நிம்மதியாக ஜெராக்ஸைப் பிரித்து எல்லைகளை வாய்விட்டுப் படித்தார்.

"கிழக்கில் இருபது அடி ரோடு. வடக்கில் பதினெட்டாம் எண் மனை." ஒவ்வொன்றாகக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

பதினெட்டாம் மனைக்காரரின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து சூரியன் வந்துகொண்டிருந்தது.

"ப்ரியா, இது வடக்குதானே?"

நான் போனில் திசைகாட்டியைத் திறந்தேன். தேவையே இல்லை, ஆனாலும் திறந்தேன். பத்திரம் வடக்கு என்று சொன்ன பக்கம் கிழக்கு. பத்திரம் கிழக்கு என்று சொன்ன ரோடு தெற்கில் இருந்தது. நான்கு எல்லைகளும் கால் வட்டம் திரும்பியிருந்தன.

எதிர் வீட்டு வாசலில் கன்னியம்மா என்பவர் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் போய், "அக்கா, உங்க தெருவுல கிழக்கு எது?" என்றார்.

"இன்னாமே கேள்வி இது? தோ இதான் கிழக்கு." அவர் கோலமாவுக் கையோடு தெற்கைக் காட்டினார். "லைனு மேற்கால போவுதில்ல? அத்த வெச்சுப் பாரு. என் எதிர்ல கீதே அந்த வரிசை பூரா கிழக்கு பார்த்த மனை. அதுக்குன்னே தனி கிராக்கி."

"அப்ப சூரியன் ஏங்க்கா அந்தப் பக்கம் வருது?"

கன்னியம்மா திரும்பிப் பார்த்தார். "அது எப்பவும் அங்கதாம்மே வரும்" என்று சொல்லிவிட்டுக் கோலத்தில் குனிந்துகொண்டார்.

தெருக் கோடிக்கு நடந்தோம். அங்கேதான் சைடிங் தண்டவாளம். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் யாரும் திசையைச் சூரியனை வைத்துச் சொல்வதில்லை, ரயிலை வைத்துத்தான் சொல்வோம். சென்ட்ரல் பக்கம் கிழக்கு, திருவள்ளூர் பக்கம் மேற்கு. மெயின் லைனுக்கு அது சரி. ஆனால் மிலிட்டரி சைடிங் மெயின் லைனிலிருந்து பிரிந்து வளைந்து இந்த இடத்துக்கு வரும்போது வடக்கு நோக்கிப் போகிறது. மனை பிரித்த காலத்தில் யாரோ அதையும் லைன் என்று நினைத்து, லைன் மேற்கேதான் போகும் என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர். நான் பிறந்ததிலிருந்து இந்தப் பக்கம் நடந்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கும் தோன்றவில்லை.

இதில் பெரிய விஷயம் என்ன என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றலாம். இங்கே கிழக்கு பார்த்த மனை என்றால் ஆள் நின்று பேசுவார். தெற்கு பார்த்தது என்றால் விலையைக்கூடக் கேட்காமல் போய்விடுவார். கார்த்திகேசன் மனையைப் பார்க்க வந்தது ஆவணி மாதம் உச்சி வெயிலில். காலடியில் நிழல்கூட விழாத நேரம். கிழக்கு வாசல் என்றுதான் அவருடைய மனைவி சம்மதித்தார் என்று அவரே கடையில் சொல்லியிருந்தார்.

கஜபதி நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு டீயை முழுதாகக் குடித்து முடித்தார்.

"இடம் அங்கியேதானே கீது? மண்ணு எங்கனா நவுந்துச்சா?"

"நவுரலண்ணே. ஆனா..."

"நீ தெற்குன்னு எழுதினா தாய்ப் பத்திரத்தோட ஒத்துப் போவாது. வில்லங்கச் சான்றோட ஒத்துப் போவாது. பார்த்த உடனே திருப்பிக் கையில குடுப்பாங்க. அதோட, அந்த நகர்ல இருபத்திரண்டு மனை. நீ ஒண்ண திருத்தினா மீதி இருபத்தொண்ணும் தப்புன்னு ஆவும். ஊர் பூரா நம்ம கடை வாசல்ல வந்து நிக்கும்."

"கார்த்திகேசன் சார் அழுவாருண்ணே."

"ஏன் அழுவறான்? கதவ வெச்சு மாலையப் போட்டுட்டு கும்புட்டுகினு இருப்பான். முப்பது வருசமா அந்தத் தெருவே கும்புடுது. எவன் கெட்டுப் போனான் சொல்லு."

அக்கா தாய்ப் பத்திர ஜெராக்ஸை நான்காக மடித்தார்.

"அவங்களுக்குத் தெரியாதுண்ணே. எனக்குத் தெரிஞ்சுடுச்சே."

கஜபதி குரலைத் தணித்தார். "சரி, உனுக்கு மனசு கேக்கலேன்னா விடு. எம் பேர்ல போட்டுடறேன். பழையபடி அத்தையே இறக்கு. உம் பேரு அடுத்த பத்திரத்துல வரட்டும். ஒரு வாரந்தான்."

அது ஒரு தந்திரமல்ல. உண்மையாகவே உதவியாகத்தான் சொன்னார். அதனால்தான் அக்காவால் உடனே மறுக்க முடியவில்லை.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "நீ இன்னா சொல்றே?"

"விட்டுடுங்கக்கா" என்றேன். "அவர் பேர்ல போனா உங்களுக்கு ஒண்ணும் வராது. மூணு தடவ எழுதிப் பாஸ் பண்ணதை ஏன் முதல் பத்திரத்துலயே கெடுத்துக்கணும்?"

சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது. அவர் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, லோகநாயகிக்குப் போன் போட்டார். அவருக்கு என் யோசனை தேவைப்படவில்லை. நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரோ என்று இப்போது நினைக்கிறேன்.

லோகநாயகியின் குரல் போனைத் தாண்டி என் மேஜை வரை கேட்டது.

"நாலு மாசம் அலைஞ்சு இப்பதான் ஒருத்தன் மனசு வெச்சு வந்துகீறான். அத்தையும் கலைக்கப் பாக்கறியா? யாரு உன்ன அங்கப் போய் சூரியனப் பாக்கச் சொன்னா?"

"அக்கா, நான் சொல்றத..."

"எங்கிட்ட கிழக்குன்னு சொல்லித்தானே வித்தாங்க! அன்னிக்கு நீ எங்க இருந்தே? அப்ப வந்து சொல்றதுதானே?"

"அப்ப நான் பாவாடை சட்டை போட்டுகினு எட்டாவதோ ஒம்பதாவதோ படிச்சுகினு இருந்தேன்க்கா."

"நாளைக்கு வர்றேன், இரு. வந்து பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மாலை இருவரும் கடைக்கு வந்தார்கள். லோகநாயகி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கார்த்திகேசன் நாளைக்குப் பதிவு என்ற சந்தோஷத்தில் ஒரு பெட்டி அல்வாவோடு வந்திருந்தார். அக்கா வரைவைக் கையில் எடுத்து முதல் வரியிலிருந்து படித்தார். எழுதிக் கொடுப்பவர், எழுதிப் பெறுபவர், மனை எப்படி வந்தது என்ற விவரம். எல்லைக்கு வந்ததும் குரல் மாறவில்லை. "தெற்கில் இருபது அடி ரோடு" என்று படித்தார்.

"ரோடு கிழக்காலல்லாம்மா கெடக்கு?" என்றார் கார்த்திகேசன்.

"இல்ல சார். தெற்கால. பழைய பத்திரத்துல கிழக்குன்னு கீது, அது தப்பு. நானும் நேத்து காலைலதான் பார்த்தேன். இந்த அக்காவுக்கும் தெரியாது. இவங்களும் கிழக்குன்னு நம்பித்தான் வாங்கினாங்க."

அவர் லோகநாயகியைப் பார்த்தார். லோகநாயகி பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். கஜபதி மேஜை இழுப்பறையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"முப்பத்தோரு வருசமா அளவு பாக்குத வேலை எனக்கு" என்றார் கார்த்திகேசன் கடைசியில். "ஒரு நூல் கூடினாக்கூட திருப்பி அனுப்பிருவேன். ஒரு மனைய நிமிந்து பாக்காம வாங்க வந்திருக்கேனே." கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. "வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்."

அல்வாப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவதா வைத்துவிட்டுப் போவதா என்று ஒரு கணம் தடுமாறினார். வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை டோக்கன் நேரம் தாண்டிப் போனது. திங்கட்கிழமை போன் செய்து, வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். லோகநாயகி வந்து தாய்ப் பத்திரத்தையும் மற்ற தாள்களையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனார். போகும்போது அக்காவிடம், "நல்லா இரு" என்றார். அது வாழ்த்து இல்லை.

கஜபதி திட்டவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த கிரயம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அக்கா எழுதினார், நான் அடித்தேன், கடைசி வரியில் கஜபதியின் பேர் போனது. 'அடுத்த பத்திரம் உன் பேரில்' என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. சட்டகம் போட்ட உரிமம் அலமாரியில் பசை டப்பாவுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றது. ஒரு நாள் நானே கேட்டேன்.

"வருத்தமா இருக்காக்கா?"

"இருக்காதா பின்ன?" என்றார். "சொல்லாம இருந்திருந்தா வேற வருத்தமா இருந்திருக்கும். இது பரவால்ல, இது எனக்குப் பழக்கமான வருத்தம்."

கார்த்திகேசன் திருநின்றவூரில் ஏரிக்கரைப் பக்கம் வேறு மனை முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அந்தப் பத்திரத்தை வேறு எங்கோ எழுதினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் லோகநாயகி குடையோடு கடைப் படியேறி வந்தார். நேராக ஜெராக்ஸ் மெஷினிடம் போய் நின்றார்.

"உன்னால எனக்கு நாக்கு போச்சு" என்றார்.

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"வேற ஒரு பார்ட்டி வந்தாங்க. நல்ல பார்ட்டி. மனையப் பார்த்துட்டு, கிழக்குதானேமான்னு கேட்டாங்க. ஆமான்னு ஒரு வார்த்த. அவ்ளோதானே? வரல. வாயத் திறந்துகினு மரம் மாதிரி நிக்கறேன். எம் பொண்ணு பக்கத்துல நின்னுகினு இன்னாமா ஆச்சு இன்னாமா ஆச்சுன்றா." அவர் பையிலிருந்து தாய்ப் பத்திரத்தை எடுத்து மெஷின் மேல் வைத்தார். "கெடுத்தவளே சரி பண்ணிக் குடு. தெற்குன்னா தெற்குன்னு எழுதி வெச்சுட்டு, எவன் வர்றானோ வரட்டும்."

இதற்கு ஒரு வழி உண்டு. பிழைதிருத்தல் பத்திரம். முன்பு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து, அந்தப் பத்திரத்தில் இன்ன இடத்தில் இப்படி எழுதப்பட்டது தவறு, இப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்வது. கஜபதியிடம் கேட்டோம். "பிழைதிருத்தல்தானே? அத்த யார் எழுதினா இன்னா. நீ எழுதிக்க" என்றார். பெரிய மனதோடு சொன்னாரா அலட்சியமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அக்கா ஆராயவில்லை.

தொண்ணூற்றாறில் மனையை விற்றவர் வேம்புலி. அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். இப்போது ஷாமியானா, நாற்காலி, அண்டா வாடகைக்கு விடுகிறார். எழுபது வயது தாண்டியவர். நாங்கள் போனபோது, நனைந்த பந்தல் துணிகளை விரிக்க இடமில்லாத எரிச்சலில் இருந்தார்.

"இருபத்திரண்டு மனை வித்தேன். ஒருத்தனாவது வந்து தெச தப்புன்னு சொன்னானா? இப்ப இந்தம்மாவுக்கு வந்து கையெழுத்து போட்டா, நாளைக்கு இருபத்தொரு பேரும் வருவான். எனக்கு வேற வேல இல்லியா?"

"வந்தா எங்கிட்ட அனுப்புங்க மாமா. நான் எழுதறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"அத்தினிக்குமா?"

"அத்தினிக்கும்."

வேம்புலி அவரை மேலும் கீழும் பார்த்தார். "கடைக்கு நல்லா ஆள் பிடிக்கிறேமே நீ" என்று சிரித்துவிட்டார். பிறகு லோகநாயகியின் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நான் பொய் சொல்லி விக்கலம்மா. எனக்கும் அதான் கிழக்கு. அங்க ஏர் ஓட்டறப்பவே லைனப் பார்த்துத்தான் தெச சொல்லுவோம்" என்றார். லோகநாயகி, "சரி, விடு" என்றார். எனக்கு அது போதுமா என்று இருந்தது. அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

அந்தப் பத்திரத்தை எழுத அக்கா நான்கு நாள் எடுத்துக்கொண்டார். மாறுவது நான்கு எல்லைகளும், எந்தத் திசையில் முப்பது அடி எந்தத் திசையில் நாற்பது அடி என்பதும்தான். மற்றபடி விஸ்தீரணத்திலோ சொத்தின் அடையாளத்திலோ மாற்றம் இல்லை என்று ஒரு வரி, தொகையில் மாற்றம் இல்லை என்று ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் யார் அழுவார்கள் என்று பார்த்தார். பக்கத்து மனைக்காரர்கள் அழக்கூடாது என்று, தவறு திசையில் மட்டுமே, தரையில் உள்ள எல்லைக் கற்களில் அல்ல என்று ஒரு வாக்கியம் சேர்த்தார். அது எந்த மாதிரிப் பத்திரத்திலும் இல்லாதது. மற்ற இருபத்தொன்றையும் நினைத்து எழுதியது.

பதிவு நாளன்று இருவரையும் கடையில் உட்கார வைத்து முழுதும் படித்துக் காட்டினார். வேம்புலியும் லோகநாயகியும் ஆறு பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டார்கள். ரோட்டைத் தாண்டிப் போய் அலுவலகக் கூடத்தில் உட்கார்ந்தோம். எங்களுக்கு எட்டாவது டோக்கன். ஏழாவது உள்ளே போனது. அக்கா கடைசியாக ஒரு தடவை புரட்டிப் பார்த்தவர், கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். 'ஆவணத்தைத் தயாரித்தவர்' என்பதற்கு எதிரே கஜபதி என்று இருந்தது. அவருடைய உரிம எண்ணோடு.

கடைக் கம்ப்யூட்டரில் எல்லாப் பத்திரங்களையும் நான் ஒரே பழைய கோப்பின் மேல்தான் அடிப்பேன். உடம்பை மாற்றுவேன், வாலை மாற்ற மாட்டேன். அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்கு நாளும் நான் அந்த வரியைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, ஓடிப்போய் அந்த ஒரு பக்கத்தை எடுத்துட்டு வந்துடறேன். மறுபடி கையெழுத்து போட்டுக்கலாம்."

"கூப்பிட்டுருவாங்க, இரு."

என் பேனாவைக் கேட்டார். கஜபதியின் பேர் மேல் ஸ்கேலை வைத்து அடித்தது போல ஒரே கோடு இழுத்தார். அதற்கு மேலே, இருந்த கொஞ்ச இடத்தில், பூங்காவனம் என்று எழுதினார். உரிம எண்ணைப் பார்க்காமலே எழுதினார். பத்திரத்தில் எதையாவது அடித்து எழுதினால் அதன் பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தாளை லோகநாயகியின் பக்கம் நீட்டினார்.

"தெசைய மாத்தினே. இப்ப பேரையும் மாத்தறியா?" என்றார் லோகநாயகி, போட்டுக்கொண்டே.

"இதுக்குமா நான் போடணும்?" என்றார் வேம்புலி.

"போடணும் மாமா."

அவர் போட்டதும், கீழே இருந்த காலி இடத்தில் அக்கா முறைப்படி குறித்தார்: ஆறாம் பக்கத்தில் ஒரு வரி அடித்து எழுதப்பட்டது.

எட்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த அலுவலர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இது யார் அடிச்சது?"

"நான்தான் சார்" என்றார் பூங்காவனம். "எழுதினதும் நான்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, வேம்புலியின் கட்டை விரலைக் கேட்டார்.